ஏழாம் நம்பருக்கு நடுக்கம்

அனந்தை உலோகக் கலன் கழகத்தில் மிகவும் நம்பகமான இயந்திரம் எது என்று கேட்டால், மானேஜிங் டைரக்டர் முதல் கேண்டீன் மாஸ்டர் வரை எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: ஏழாம் நம்பர் பிரஸ். ஒன்பது வருடமாக அது ஒரு தடவைகூடப் பழுதானதில்லை. ஒன்பது வருடமாக அது அங்கே இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

நேமம் தாண்டி, ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது அந்த ஆலை. அரசாங்க ஆலை. ஹாஸ்டல்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பெரிய பெரிய அலுமினியப் பாத்திரங்கள் அடித்துக் கொடுக்கிறது. தகட்டை அச்சின்மேல் வைத்து மிதியை மிதித்தால், பிரஸ்ஸின் தலை மேலிருந்து இறங்கி ஒரே அடியில் அதைச் சட்டியாக்கிவிடும். மொத்தம் பத்து பிரஸ். அதில் ஏழாவதைப் பழைய இரும்பாக ஏலம் போட்டு, லாரி வந்து ஏற்றிக்கொண்டும் போய்விட்டது. ஆனால் ஏலத்தைப் பற்றித் தணிக்கையில் ஒரு கேள்வி கிளம்பி, அதற்கான பதில் தலைமைச் செயலகத்தில் எங்கோ ஒரு மேஜையில் படுத்திருந்ததால், பதிவேட்டிலிருந்து அதன் பெயரை அடிக்க முடியவில்லை. லாரி கொண்டுபோனது இரும்பை மட்டும்தான்.

பிறகு ஆலைக்கு நம்பகத்தன்மைப் பிரிவு வந்தது. அதன் தலைவர் அபிஜித்துக்கு முப்பத்திரண்டு வயது. பெங்களூரில் பத்து நாள் பயிற்சி பெற்றவர். ஓர் இயந்திரம் ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எண்ண வேண்டும்; அந்த எண்ணைப் பார்த்து எதற்குப் பராமரிப்பு தேவை என்று முடிவு செய்ய வேண்டும். உலகம் முழுவதும் இப்படித்தான் செய்கிறார்கள். அபிஜித் அதோடு உள்ளூர்த் திருத்தம் ஒன்றைச் சேர்த்தார். அரை மணிக்கு மேல் நின்றால்தான் பழுது. அதுவும் மூன்று பேர் கையெழுத்துப் போட்டால்தான். அந்த மூன்று பேரும் ஒரே நாளில் ஆபீசுக்கு வருவது அபூர்வம் என்பதால், ஆலையின் நம்பகத்தன்மை மளமளவென்று ஏறியது. ஏழாம் நம்பர் எழுபத்தெட்டாயிரம் மணி நேரத்தைத் தாண்டி முதலிடத்தில் நின்றது. போன ஆயுத பூஜைக்கு அந்த வெற்றிடத்தைப் போட்டோ எடுத்துச் சட்டம் போட்டு, மாலையும் போட்டு, வாசலில் மாட்டினார்கள். புதிதாக வருகிறவர்கள் யாரோ இறந்துபோய்விட்டார்கள் என்று நினைத்து, ஒரு நிமிடம் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள்.

இந்தப் பிரிவுக்குத்தான் நாகேஸ்வரனை மாற்றினார்கள்.

வலியசாலை அக்ரகாரத்துக்காரர். வயது ஐம்பத்தொன்று. இருபத்துநாலு வருடம் ஸ்டோரில் உட்கார்ந்து நட்டும் போல்ட்டும் எண்ணியவர். எண்ணாமல் ஓர் எண்ணை எழுதினால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஆலையில் எல்லோருக்கும் அவர் ‘சாமி’. சாமியின் கையில் ஒரு டேப்லெட்டும், தடியான பேனா மாதிரி ஒரு கருவியும் கொடுத்தார்கள். பேனாவை இயந்திரத்தின் அடிப்பாகத்தில் வைத்தால், அது எவ்வளவு நடுங்குகிறது என்று எண் காட்டும். மூன்றுக்கு மேல் மஞ்சள். ஏழுக்கு மேல் சிவப்பு. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை என்று பத்து இயந்திரத்தையும் வரிசையாக அளந்து டேப்லெட்டில் ஏற்ற வேண்டும்.

இதில் ஒரு பாதுகாப்பு விதி இருந்தது. ஓடுகிற இயந்திரத்தை யாரும் தொடக்கூடாது. ஆகவே ஒவ்வொரு பிரஸ்ஸையும் நிறுத்திவிட்டு, அது நடுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நிறுத்தின எந்த பிரஸ்ஸும் நடுங்கவில்லை. அக்கம்பக்கத்து அதிர்வில் அரை, முக்கால் என்று ஏதோ காட்டும். எல்லாம் பச்சை.

ஆறு முடிந்து ஏழுக்கு வந்தபோதுதான் சாமி திகைத்து நின்றார். ஒரு சிமெண்ட் மேடை. அதில் நாலு போல்ட் நீட்டிக்கொண்டிருந்தது. நடுவில் பிரஸ் நின்ற வடிவத்திலேயே ஓர் எண்ணெய்க் கறை. ஒன்பது வருடமாகியும் காயாதது போல மினுங்கியது. அங்கே யாரும் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பதில்லை, குறுக்கே நடப்பதும் இல்லை. ஏழை நிரப்பாமல் டேப்லெட் எட்டுக்குப் போகாது. பூஜ்யம் போட்டால் ‘கருவி பழுது’ என்று திருப்பி அனுப்பும். அவருக்கு முன்னால் இருந்தவர் தினமும் ஒன்று புள்ளி ஒன்று என்று போட்டுக்கொண்டே ஓய்வு பெற்றிருந்தார்.

சாமிக்கு மனசு வரவில்லை. குனிந்து, பேனாவை ஒரு போல்ட்டின் தலையில் வைத்தார்.

இரண்டு புள்ளி மூன்று.

அவர் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே எண். அடியில் ஏதோ உயிரோடு இருக்கிற மாதிரி, போல்ட் விரலுக்கடியில் துடித்தது.

"அது சரோஜக்கா, சாமி" என்றது ஒரு குரல்.

எட்டாம் நம்பரில் வேலை செய்யும் இசக்கிசெல்வி. வள்ளியூர்ப் பக்கத்துக்காரி, காண்டிராக்ட் தொழிலாளி, புருஷன் இங்கே கொத்தனார். அவள்தான் கதையைச் சொன்னாள். ஏழும் எட்டும் ஒரே கப்பலில் வந்த இரட்டைகள். ஏழில் வேலை செய்தவள் சரோஜம். ஒருநாள் மிதியை மிதிக்காமலே பிரஸ்ஸின் தலை இறங்கியது. வலது கை மணிக்கட்டோடு போனது. அடுத்த வருடம் சரோஜமும் போனாள். சாமி அன்று மதியமே பழைய பதிவைத் தேடிப் பார்த்தார். அந்தத் தேதியில் ‘ஆபரேட்டர் கவனக்குறைவு, இயந்திரம் நன்றாக இயங்குகிறது’ என்று எழுதியிருந்தது. பழுதுக் கணக்கில் அது வரவே இல்லை.

ஒரு வாரத்தில் ஏழின் எண் மூன்று புள்ளி நாலாயிற்று. இரண்டாவது வாரம் ஐந்து. மனசுக்குள் ஸ்டோர்க்காரர் விழித்துக்கொண்டு, எதற்கும் ஒரு வரவு வேண்டுமே, இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். சாமி மேடையருகே குந்தி உட்கார்ந்து பார்த்தார். எட்டாம் நம்பர் இறங்கும்போதெல்லாம் பேனாவில் எண் எகிறியது. இசக்கிசெல்வி தண்ணீர் குடிக்கப் போனால் அடங்கியது. ஆலையிலேயே ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்கப்படுகிற ஒரே இயந்திரம் எட்டு. அதை அளக்கிற இடம் மட்டும் ஏழு.

அவர் அவளிடம் போய் மெதுவாகக் கேட்டார். அவள் கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தாள்.

"நேத்து மிதியில காலே இல்ல சாமி. அதுவா எறங்கிட்டு."

"எத்தனாவது தடவை?"

"மூணு. கைய எடுத்தப்பறம் எறங்குனதால கை இருக்கு. சரோஜக்காவுக்கும் மொத மூணு தடவ இப்படித்தானாம்."

வேலையை மறுக்கக் கூடாதா என்றார் சாமி. இயந்திரத்தை விட்டு விலகுகிறவர் அங்கேயே ராஜினாமாவில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது காண்டிராக்டர் விதி என்றாள். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். அவள் மறுபடி தகட்டை எடுத்து அச்சில் வைத்தாள். வைத்த கை அச்சை விட்டு வரும்வரை சாமி மூச்சு விடவில்லை.

அவர் நேரே அபிஜித்திடம் போனார். மலையாளியான அபிஜித்துக்குச் சாமியிடம் தமிழில் பேசுவதில் ஒரு பெருமை உண்டு, சினிமாவில் கற்றது.

"மெஷின் நின்னுச்சோ சாமி?"

"நிக்கலை சார். கூடுதலா ஒரு அடி அடிச்சுது."

"அப்போ பழுது அல்லல்லோ. கேக்காம வேலை பண்ற மெஷினை நான் எங்ஙனே பழுதுன்னு எழுதும்? இவிடே கேட்டாலும் ஆரும் வேலை பண்றதில்ல. அதுக்கு ஒரு பாராட்டுக் கடிதமாக்கும் கொடுக்கணும்."

சாமி எட்டின் நடுக்கத்தைச் சொன்னார். அபிஜித் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். எட்டு: முக்கால். பச்சை. கீழே சாமியின் சொந்தக் கையெழுத்து.

அன்றிலிருந்து சாமிக்கு ஒரு வியாதி பிடித்தது. யார் கையைப் பார்த்தாலும் விரல்களை எண்ணினார். தம்பானூர் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் நீட்டினால் ஐந்து. கோயிலில் குருக்கள் தீபாராதனை காட்டும்போது, சுவாமியை விட்டுவிட்டு ஐந்தும் ஐந்தும் பத்து. கண்ணை மூடினால் ஓர் அச்சு, அதன்மேல் ஒரு கை, மேலே ஒரு நிழல். வீட்டில் மனைவி விஜயலக்ஷ்மி பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து வைத்த கண் எடுக்காமல் பார்த்தார்.

"ஏன்னா, ஒரு மாசமா என் கையையே பாத்துண்டிருக்கேளே. வளை வாங்கித் தரப் போறேளா?"

"கத்தியைக் கீழே வை" என்றார் சாமி. அவர் குரலைக் கேட்டு அவள் வைத்துவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை ஏழு புள்ளி நாலு வந்தது. சிவப்பு. ஆலை முழுக்க எல்லா அதிகாரிகளின் போனும் ஒரே நேரத்தில் அலறியது: ஏழாம் நம்பர் ஆபத்தில்.

பத்தே நிமிடத்தில் அவசரக் கூட்டம். மானேஜிங் டைரக்டர் ராஜஸ்ரீ மேடம் கண் கலங்கிப் பேசினார். "இந்த ஆலையின் மானம் ஏழாம் நம்பர். மற்ற ஒன்பதும் ஓடுவதால்தான் நமக்குக் கெட்ட பெயர். ஏழு ஒருநாளும் எண்ணெய் கேட்டதில்லை, மின்சாரம் கேட்டதில்லை. அதைப் பற்றி யூனியன் ஒரு புகார் தந்ததில்லை. ஓர் இயந்திரமும் ஒரு தொழிலாளியும் எப்படி இருக்க வேண்டும் என்று நமக்குக் காட்டியது அது. நான் பொறுப்பிலிருக்கும்போது அதற்கு ஒன்று நேர விடமாட்டேன்."

கைதட்டல் அடங்கியதும் சாமி எழுந்து நின்றார். "மேடம், அங்கே மெஷினே இல்லை. நடுங்கறது எட்டு. அதில ஒரு பொண்ணு நிக்கறா."

யாரும் கோபப்படவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. ராஜஸ்ரீ மேடம் அன்பாக, இன்னும் எத்தனை வருடம் சர்வீஸ் இருக்கிறது என்று விசாரித்தார். அபிஜித் எழுந்து, ஏழாம் நம்பர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதை ஒரு கண்டுபிடிப்பு போலச் சொல்ல வேண்டியதில்லை என்றார். "ஆனால் இல்லாத இயந்திரத்துக்கு ஏழு புள்ளி நாலு எப்படி வரும்? எண் இருக்கிறது என்றால் இயந்திரம் இருந்தாக வேண்டும். இது பெங்களூரிலேயே சொல்லித் தந்தது." ‘அளவெடுப்பவர் உணர்ச்சிவசப்பட்டார்’ என்று குறிப்பில் எழுதினார்கள்.

எல்லோரும் நேரில் பார்வையிட வந்தார்கள். ஏழெட்டு அதிகாரிகள் மேடையைச் சுற்றி, சாவு வீட்டில் நிற்பது போல நின்றார்கள். மேடம் ஒரு காலை மேடைமேல் வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். பியூன் கையிலிருந்த பாட்டில் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை வந்தது. மூன்றடி தூரத்தில் எட்டாம் நம்பர் இடிபோல் இறங்கி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது; ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அந்தச் சத்தத்தில் ஏழைக் கேட்க முடியவில்லை, அதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள் என்றார் மேடம்.

இசக்கிசெல்வி நிறுத்தினாள். மேடை அடங்கியது. தண்ணீர் அடங்கியது.

"கண்டோ?" என்றார் அபிஜித், குரலைத் தாழ்த்தி. "நம்மளைப் பார்த்ததும் ஒளிஞ்சுக்கிச்சு."

எட்டு மறுபடி ஓடியதும் பாட்டிலில் அலை திரும்பி வந்தது. விட்டுவிட்டு வரும் கோளாறு, ஆகவே மிகவும் ஆபத்தானது என்று குழு முடிவு செய்தது. விதிப்படி அந்த இயந்திரத்தின் கடைசி ஆபரேட்டரிடம் விளக்கம் கேட்டுப் பதிவுத் தபால் போயிற்று. பெறுநர் காலமானார் என்ற தபால்காரர் குறிப்போடு, நாலாம் நாள் சரோஜத்தின் உறை திரும்பி வந்தது. அபிஜித் அதைக் கோப்பில் சேர்த்து, ‘ஆபரேட்டர் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதினார். உறையைக் கோப்பில் குத்தியது சாமிதான். அதற்கப்புறம் இரண்டு தடவை கை கழுவினார்.

இதற்குள் எட்டாம் நம்பர் நாலாவது தடவை தானாக இறங்கியது. இசக்கிசெல்வியின் கண்ணாடி வளையல் ஒன்று இழுத்த கையிலிருந்து நழுவி அச்சுக்குள் போய்ப் பொடியானது. கைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவள் பொடியை ஊதித் தள்ளிவிட்டு அடுத்த தகட்டை வைத்தாள்.

இரண்டே வாரத்தில் ஏழாம் நம்பருக்குப் புது கிளச்சும் பேரிங்கும் வந்திறங்கின. ஓடுகிற பிரஸ்களுக்கு உதிரிபாகம் வர இரண்டு வருடம் ஆகும். ஆனால் இது மானப் பிரச்சினை. பிட்டர் செல்வமணியின் கையில் வேலை உத்தரவு கொடுக்கப்பட்டது: ஏழைக் கழற்று, பழையதை எடு, புதியதைப் போடு. செல்வமணி உத்தரவையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாமியிடம் வந்தார்.

"எதைக் கழத்தணும் சாமி?"

சாமி விதிப் புத்தகத்தை நீட்டினார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விதியைச் சந்தோஷமாகக் காட்டினார். ஓர் இயந்திரத்தைப் பழுதுபார்க்கும்போது பக்கத்து இயந்திரங்களை நிறுத்திப் பூட்டிவிட வேண்டும். ஆறும் எட்டும் இரண்டு நாள் ஓடாது. சுற்றிலும் நீலத் தார்ப்பாய் கட்டிவிடுவார்கள். ஏழும் எட்டும் இரட்டைகள். ஒன்றின் கிளச் மற்றொன்றுக்கு அச்சு அசலாகப் பொருந்தும்.

செல்வமணி திரும்பி எட்டாம் நம்பரை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஸ்பேனர் பெட்டியை எடுத்துக்கொண்டு தார்ப்பாய்க்குள் போனார்.

எட்டைத் திறந்து பார்த்தபோது, மிதிக்காமல் தலை இறங்காதபடி பிடித்துவைக்கும் கிளச்சின் இரும்புச் சாவி, கட்டைவிரல் தடிமன் இருக்க வேண்டியது, நகக்கண் அளவு ஒட்டிக்கொண்டிருந்தது. செல்வமணி விரலால் தொட்டதும் உடைந்தது. இரண்டு துண்டையும் சாமியின் உள்ளங்கையில் வைத்தார்.

"இன்னொரு ஷிப்டு தாங்கியிருக்காது" என்றார்.

மூன்றாம் நாள் தார்ப்பாய் அவிழ்ந்தது. எட்டு பூனை மாதிரி இறங்கியது. ஏழின் போல்ட்டில் பேனா முக்கால் காட்டியது. ஆலையில் லட்டு கொடுத்தார்கள். ஏழாம் நம்பரைக் காப்பாற்றிய கதையை அபிஜித் கொச்சியில் ஒரு கருத்தரங்கில் படக்காட்சியோடு சொல்லிவிட்டு வந்தார். சாமி இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு கவளம் அதிகமாகச் சாப்பிட்டார்.

மாதக் கடைசியில் அறிக்கை வந்தது. எட்டாம் நம்பர் இரண்டு நாள் நின்றிருந்தது. அரை மணிக்கு மேல். கையெழுத்துப் போட வேண்டிய மூன்று பேரும் லட்டுக்காக வந்திருந்ததால் அன்றைக்கே போட்டும் விட்டார்கள். நம்பகத்தன்மைப் பிரிவு வந்த பிறகு எட்டின் முதல் பழுது. ஆறும் நின்றதுதான்; ஆனால் அந்த இரண்டு நாளும் தகடு வரவில்லை என்று அதற்கு ஒரு சீட்டு இருந்தது. காரணம் என்ன என்று டேப்லெட் கேட்டது. தேர்ந்தெடுக்க மூன்றே கட்டங்கள்: ஆபரேட்டர் கவனக்குறைவு, ஆபரேட்டர் பழக்கமின்மை, ஆபரேட்டர் தொடர்பான பிற காரணம்.

அபிஜித் இரக்கமுள்ளவர். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். இசக்கிசெல்வியை வேலையைவிட்டு நீக்கவும் இல்லை. "இவளுக்கு வேண்டியது தண்டனை அல்ல, சகவாசம்" என்று மேடத்திடம் விளக்கினார். "ஆறு மாதம் நம்பகமான ஓர் இயந்திரத்தோடு நிற்கட்டும். நம்பகத்தன்மை கொஞ்சமாவது ஒட்டும்." உத்தரவு டைப் ஆகி வந்தது: இசக்கிசெல்வி, ஆபரேட்டர், ஏழாம் நம்பர் பிரஸ். சரோஜம் விட்டுப்போன காலியிடத்தில்.

சாமி உத்தரவோடு அபிஜித்தின் அறை வாசல்வரை போனார். உண்மையைச் சொல்லலாம். எட்டு நின்றது பழுதால் அல்ல, எட்டைத்தான் பழுதுபார்த்தோம் என்று சொல்லலாம். அப்புறம் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். செல்வமணிக்கும் அவருக்கும் சஸ்பென்ஷன் வரும், அது போகட்டும். ஏழின் பொருள் எட்டில் இருப்பது முறைகேடு என்பார்கள். புது கிளச்சை எட்டிலிருந்து கழற்றி, முறைப்படி ஏழுக்கே கொண்டுவந்து சிமெண்ட் மேடைமேல் வைப்பார்கள். எட்டில் உடைந்த பழையதை ஒட்டவைத்துப் போடுவார்கள். அதில் இப்போது நிற்பது உலகம்மை என்று இன்னொரு பெண். அவளுக்கும் பத்து விரல்.

அவர் கதவைத் தட்டவில்லை.

இசக்கிசெல்வியிடம் உத்தரவைக் கொடுத்தபோது அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் படித்துவிட்டுச் சிரித்துவிட்டாள். "சம்பளம் உண்டுல்லா? பின்னே என்ன. கை பத்திரமா இருக்கும்" என்றாள்.

முதல் நாள் மேடையருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பேச்சுத் துணைக்கு யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. இரண்டாம் நாள் பழையபடியே புடவைமேல் காக்கிச் சட்டையை மாட்டி, இந்தத் தடவை வளையல்களையும் கழற்றி முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் காலை சாமி பேனாவோடு வந்தபோது அவள் கைகள் அசைந்துகொண்டிருந்தன. இல்லாத தகட்டை எடுப்பது, வைப்பது, கையை இழுப்பது, காலால் மிதிப்பது, இல்லாத சட்டியை எடுத்துப் பக்கத்தில் அடுக்குவது. தாளம் பிசகாமல் செய்தாள். கண் எங்கேயோ இருந்தது.

"என்னம்மா பண்றே?" என்றார் சாமி.

"சும்மா நிக்க முடியல சாமி. நின்னா சரோஜக்கா நிக்கது மாதிரி இருக்கு."

அவர் குனிந்து பேனாவைப் போல்ட்டில் வைத்தார். முக்கால். பச்சை. டேப்லெட்டில் ஏற்றினார். அவள் ஒரு தகட்டை எடுத்தாள், வைத்தாள். கால் தரையில் அப்படியே இருந்தது. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், அது அசையவில்லை. திடீரென்று அவள் இரண்டு கைகளையும் மார்போடு இழுத்துக்கொண்டு பின்வாங்கினாள். போல்ட்டில் இருந்த தம் கையைச் சாமியும் அதே நொடியில் இழுத்துக்கொண்டார். பேனா உருண்டு எண்ணெய்க் கறையில் போய் நின்றது.

இருவரும் மேலே பார்த்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான் இருந்தது.

பேனாவை எடுக்க இருவருமே கை நீட்டவில்லை.